கிளச்சைக் காணோம் என்றார் மச்சான்

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணுச்சாமி, தன்னுடைய அம்பாசிடர் காரைக் கொண்டுபோய் சாலையோரம் போராக அடுக்கியிருந்த ஒரு சோளத்தட்டைப் படப்புக்குள் சொருகிவிட்டுக் கீழே இறங்கி, முதலில் சொன்ன வார்த்தை "கிளச்சக் காணோம், மாப்ளே" என்பதுதான்.

யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கவில்லை. படப்புக்காரன் வந்தால் என்ன சொல்வது என்றும் யோசிக்கவில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போய்விட்டு நாங்கள் போடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்சீட்டில் மச்சானும் என் அக்கா சந்திரவல்லியும். பின்சீட்டில் நான், மடியில் கறிக்குழம்புத் தூக்குவாளி. குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி ஓடியது. மச்சான் காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். மிதித்த வேகத்தில் அவர் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்து நானே பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. இழுவை விட்டுப்போய், சத்தமே இல்லாமல் மிதந்து, சாலையை விட்டு இறங்கிப் படப்புக்குள் போய்ச் செருகிக்கொண்டது. ஆட்டுக்குட்டி பிழைத்தது. அக்காவுக்கு நெற்றியில் சின்ன வீக்கம். குழம்பு பூராவும் என் வெள்ளைச் சட்டையில்.

"காணோம்னா என்ன மச்சான் அர்த்தம்? கிளச்சு என்ன சில்லறக் காசா, பைக்குள்ளருந்து விழுந்து தொலைய?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் தெரியாது.

"பிரேக்குன்னு மிதிச்சேன், அது கிளச்சா இருக்கு. இடது கால வச்சுக் கிளச்சத் தேடுறேன், அங்கன ஒன்னுமே இல்ல. வெறுந்தரை. காலையில வரும்போது இருந்துச்சே?"

கோழிக் கூண்டுக்குள் முட்டை தேடுகிறவர் மாதிரி குனிந்து கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடமிருந்து வலமாக கிளச்சு, பிரேக், ஆக்சிலேட்டர். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இல்லாமல் போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மச்சானின் அப்பா கடைசிக் காலத்தில் சொந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போய், அடுத்த தெருவில் யார் வீட்டிலோ உட்கார்ந்து சோறு கேட்டவர். பெற்ற மகனைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று விசாரித்தவர். அந்தப் பேச்சை எங்கள் குடும்பத்தில் யாரும் எடுப்பதில்லை. அன்று படப்புக்கு முன்னால் நின்றபோதும் யாரும் எடுக்கவில்லை. அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். அதை மச்சான் பார்த்துவிட்டார்.

கண்ணுச்சாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாலிபத்தில் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். விடியற்காலையில் போடியில் ஆள் ஏற்றி, போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிற சோலி. அந்த ஜீப்புகளில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் போடிக்காரன் அளக்கிறான் என்பார்கள். பின்னால் அடைத்து, மேலே தொற்றி, முன்னால் நெருக்கி, கடைசியில் டிரைவருக்கு வலது பக்கத்திலும் ஒரு ஆள் அரை உடம்பை வெளியே விட்டு உட்கார்ந்துகொள்ளும். நடுவில் நசுங்கிய டிரைவர் அந்த வளைவுகளையெல்லாம் திருப்புவார். மச்சான் ஓட்டிய காலம் முழுக்க ஒரு ஆளைக்கூடக் கீழே போட்டதில்லை என்று மலையில் இன்றைக்கும் பேர் இருக்கிறது.

அவருக்குத் தன் பாதத்தின்மேல் அபார நம்பிக்கை. செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். கண்ணை நம்பி ஓட்டுகிறவன் பனியில் செத்தான், கால்தான் வண்டியோடு பேசும் என்பார். இந்தப் பிரசங்கத்தை நான் கேட்காத தீபாவளி இல்லை.

கல்யாணமான வருசத்தில் ஜீப்பை விட்டுவிட்டு இந்த அம்பாசிடரை வாங்கினார். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்த பழைய மாடல். அதிலேயே பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு ஓடினார், பிள்ளையைப் படிக்க வைத்தார். இப்போது வாடகைக்கு ஓடுவதில்லை. வண்டி வீட்டில் ஒரு ஆள் மாதிரி நிற்கிறது.

அந்தக் காரில் முன்சீட்டு ஒரே நீளப் பலகை. கியர் கம்பி ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கும், நடுவில் தடுப்பு என்று எதுவும் கிடையாது. மச்சான் எப்போதும் அக்காவை இடித்துக்கொண்டுதான் உட்காருவார். புது மாப்பிள்ளையாக முதல் தடவை அப்படி உட்கார்ந்து கடைத்தெருவில் வந்தபோது, "கண்ணுச்சாமி பொண்டாட்டிய மடியில வச்சே ஓட்டிருவான் போல" என்று தெருவே சிரித்தது. புது மாப்பிள்ளை கிழவனானான், உட்காருவது மாறவில்லை. அக்கா புதிதாக யார் காரில் ஏறினாலும் ஒரு தடவை சொல்லிவிடுவாள்.

"அங்கிட்டுப் பாருங்க, ஒரு ஆளு படுக்கலாம், அம்புட்டு எடம் கெடக்கு. இவரு எம்மேலதான் வந்து விழுவாரு."

குறை சொல்கிற முகமில்லை அது. கழுத்துச் சங்கிலியைக் காட்டுகிற முகம்.

சங்கடம் ஆரம்பித்தது அவர்களுடைய மகன் சூர்யபிரகாஷால். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன்தான், ஆனால் எதையும் இருக்கிறபடி விட மாட்டான். மதுரையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி ஒரு கண்காட்சி நடக்கிறதாம், அதில் அப்பாவின் வண்டியும் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். வந்து வண்டியைக் குடைந்து பார்த்தவன், பிரேக்கும் கிளச்சும் தப்பு என்று கண்டுபிடித்தான். எங்கள் மலையில் ஓடுகிற எந்த வண்டிக்கும் கடைசியில் ஜீப் சாமான்தான் போய்ச் சேரும். இந்தக் காரிலும் எந்தக் காலத்திலோ ஒரு மெக்கானிக் ஜீப் பெடல்களை வளைத்து மாட்டியிருந்தான். அசல் பெடலின் தலை வட்டமாக இருக்கும் என்று பையன் செல்போனில் படம் காட்டினான். சென்னையில் தேடிப் பிடித்து அசல் ஜோடியை வாங்கிவந்தான்.

மாட்டியது சுருளிவேல். முந்தல் சாலையில் பட்டறை வைத்திருப்பவன், நாற்பது வயசு, வாய்க்குப் பூட்டு கிடையாது. தரைத்தகட்டில் பழைய துவாரங்கள் கன்னாபின்னாவென்று வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்து, வெட்டினவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு அதை வெல்டிங் வைத்து அடைத்தான். படத்தில் இருந்தபடி சரியான இடத்தில் புதுத் துவாரம் போட்டு அசல் பெடல்களை மாட்டினான். சீட்டுக்குப் புது உறையும் தைத்துப் போட்டார்கள். கழற்றிய ஜீப் பெடல்கள் இரண்டும் சாக்கில் வீட்டுக்கு வந்தன. அக்கா ஒன்றை மாவுச் சட்டி மூடிமேல் பாரமாக வைத்தாள். இன்னொன்று காற்றில் அடிக்காமல் கொல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தது.

மச்சான் புதுப் பெடலோடு ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பழகினார். குனிந்து குனிந்து பார்த்து ஓட்டினார். நன்றாகத்தான் ஓடியது, ஆட்டுக்குட்டி குறுக்கே வரும்வரை.

படப்புச் சேதியைக் கேட்டதும் சூர்யபிரகாஷ் கிளம்பி வந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். தேனிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். இன்றைக்கு என்ன கிழமை, மந்திரி யார், நூறிலிருந்து பின்னால் எண்ணுங்கள் என்றெல்லாம் டாக்டர் கேட்டார். மச்சான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் தெரியுது டாக்டர். கிளச்சு எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றார். டாக்டர் எங்களைப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வண்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா, இனிமேல் தெரியும் என்று அர்த்தமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனை.

அதன்பிறகு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தரையில் கால்களை மாற்றி மாற்றி மிதித்துப் பார்ப்பார். மிதித்துவிட்டுக் குனிந்து பாதத்தைப் பார்ப்பார். அக்கா சமையற்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னால்கூட, கூடித்தான் இருக்கிறதா, இல்லை அவர் நாக்குக்கும் ஏதாவது ஆகிவிட்டதா என்று ருசி பார்ப்பாள். ஒருநாள் என் சாக்குக் கடைக்கு வந்து, ஏலக்காய்ச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார். எதிரே இருந்த பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாப்ளே, நான் நல்லாத்தான இருக்கேன்?"

"உங்களுக்கு என்ன மச்சான், ஜம்முனு இருக்கீங்க."

"எங்கப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரோ? மொதல்ல எது காணாமப் போச்சுன்னு யாருமே கவனிக்கலயே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சூர்யபிரகாஷை வரச்சொல்லி, வண்டியையும் மச்சானையும் சுருளிவேல் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். ஒன்று வண்டியில் கோளாறு, இல்லை என்றால் மனிதரில் கோளாறு. ரெண்டில் ஒன்று தெரியாமல் எனக்குத் தூக்கமில்லை.

சுருளிவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எஞ் சோலியில கொறையா? இந்தா பாருங்க" என்று பட்டறைக்குப் பின்னாலிருந்த பொட்டலில் வண்டியைச் சுற்றி ஓட்டி, சொன்ன இடத்தில் நிறுத்திக் காட்டினான். சூர்யபிரகாஷ் ஓட்டினான். நின்றது. நான் ஓட்டினேன். ஸ்கூட்டரிலேயே தடுமாறுகிற எனக்கும் வண்டி சமத்தாக நின்றது.

பிறகு மச்சான் ஏறினார். மெதுவாக ஒரு சுற்று, குனிந்து பார்த்துக்கொண்டே. ஒழுங்காக நிறுத்தினார். இன்னொரு சுற்று, இந்தத் தடவை கொஞ்சம் வேகம். சுருளிவேல் திடீரென்று முன்னால் போய்க் கையை நீட்டி, "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினான். வண்டி மிதந்து வந்தது. சுருளிவேல் துள்ளி விலகினான். அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் சரிந்து உருண்டு நாலா பக்கமும் ஓடின.

"மறுபடியும் காணோம்" என்றார் மச்சான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. முகம் வெளுத்துப்போயிருந்தது.

எல்லோருக்கும் வேலை செய்கிற பெடல் ஒரு ஆளுக்கு மட்டும் எப்படி இடம் மாறும்? சுருளிவேல் இரண்டையும் கழற்றி மறுபடி மாட்டினான். படத்தை வைத்து சூர்யபிரகாஷ் அங்குலம் அங்குலமாக அளந்தான். படத்துக்கும் பெடலுக்கும் ஒரு மயிரிழைகூட மாற்றமில்லை. வண்டி சரியாக இருக்க இருக்க, மச்சான் சரியில்லை என்று ஆகிக்கொண்டே வந்தது. கடைசியில் சூர்யபிரகாஷ் டேப்பைச் சுருட்டிவிட்டு, "வண்டிய வித்துரலாம் மாமா" என்று என் காதோரம் சொன்னான். அதுவும் மச்சானுக்குக் கேட்டுவிட்டது.

அந்த நேரத்தில் அக்கா தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். சரிந்த டயர்களைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள். நேராகப் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தேன்ல? அதே மாதிரி வச்சுப் பாருங்க."

"என்ஜின் வேணாம்" என்றான் சுருளிவேல். "அண்ணே, கண்ண மூடிக்கங்க. ஜீப்பு ஓட்டுறீங்க, மெட்டுலருந்து எறங்குறீங்கன்னு நெனச்சுக்கங்க. நான் சொல்லும்போது பிரேக்க மிதிங்க."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். சுருளிவேல் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதை ஒட்டிக் குத்தவைத்தான். "பிரேக்!" என்றான். மச்சானின் வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்து, பிரேக்கைத் தாண்டிப்போய், கிளச்சுமேல் விழுந்தது. இடது கால் வெறுந்தரையை மிதித்தது. மறுபடி "பிரேக்!" மறுபடியும் அதேதான்.

சுருளிவேல் கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தான். அப்புறம் மேலே பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். ஸ்டியரிங் ஒரு பக்கம் இருக்க, மச்சான் ஒரு சாண் தள்ளி அக்காவை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கதவுக்கும் நடுவில் சீட்டு காலியாகக் கிடந்தது.

"அண்ணே, இங்கிட்டு யாருக்கு எடம் போட்டு வச்சிருக்கீங்க?"

கண்ணைத் திறக்காமலே மச்சான் சொன்னார்: "ஏறிக்க ஆத்தா. கம்பியப் புடிச்சுக்க. சேலைய உள்ள இழுத்துக்க."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் சுருளிவேல் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சூர்யபிரகாஷுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை, பிடிபட்டதும் சுருளிவேலின் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்து பழைய ஜீப் பெடல்களைக் கொண்டுவந்தான். ஒன்றில் இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டும் ஒரே பக்கமாக, இடது பக்கமாக, ஒரு சாண் வளைந்திருந்தன.

மச்சானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வண்டி வாங்கிய புதிதில் அந்தப் பழைய மெக்கானிக், "நீங்க எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்று சொல்லி, கால் இருந்த இடத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டானாம். பிரேக்கும் கிளச்சும் காலடியில் இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை மட்டும் எங்கிருந்தாலும் கால் தேடிப் போய்விடும் என்றானாம். இவ்வளவுதான் சங்கதி. ஜீப்பில் வலது பக்கம் ஏறுகிற ஆளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மச்சானின் உடம்பு ஒதுங்கியே பழகிவிட்டது. வண்டி காரான பிறகும் அந்த ஆள் இறங்கவில்லை. அதற்குத் தோதாகப் பெடலை வளைத்து வைத்தான் ஒருவன், அதைச் சரிபண்ணுகிறேன் என்று வந்தோம் நாங்கள்.

மச்சான் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "மண்டை நல்லாத்தான் இருக்கு மாப்ளே! எனக்கு ஒன்னுமில்ல!" சொல்லும்போதே அழுதுவிட்டார். சூர்யபிரகாஷ் சாவியை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். அந்தச் சந்தோஷத்தில், அக்கா எப்போது வண்டியைவிட்டு இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. தூக்குச்சட்டி மட்டும் சீட்டில் இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள் என்று பட்டறைக்கு எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

எனக்கு மறுபடியும் குழப்பம். வீட்டுக்கு ஓடினேன். அக்கா கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழுத்தி விளக்குகிற அளவுக்கு அதில் கரி எதுவும் இல்லை.

"என்னக்கா, நல்ல சேதிக்கு இப்படி எந்திரிச்சு வந்துட்ட?"

"நல்ல சேதிதான். அவருக்கு ஒன்னுமில்ல, அது போதும்."

"அப்புறம் என்ன?"

"என்மேல வந்து விழுறாரு, என்மேல வந்து விழுறாருன்னு ஊரு பூராம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்டா. அவரு எவளோ ஏறுறதுக்கு ஒதுங்கி எடம் விட்டுட்டு உக்காந்திருக்காரு."

"எவளோ இல்லக்கா. தோட்டத்துக்குப் போற ஆளுக யாரோ. அதுவும் எந்தக் காலத்துலயோ."

"அதத்தான் நானும் சொல்றேன். இல்லாத ஆளுக்கு ஒதுங்கித்தான் என் பக்கம் வந்திருக்காரு. எனக்காக வரல."

முப்பது வருசத்துக்கு மேல் குடும்பம் நடத்தி, பையனை ஆளாக்கி, கடைசியில் ஒரு சாண் சீட்டுக்காக ஒரு பெண்பிள்ளை அழுவாளா என்று எரிச்சல் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபிறகு அந்த எரிச்சலும் போய்விட்டது.

சூர்யபிரகாஷுக்கு இதெல்லாம் தெரியாது. பெடல் சரியாக இருக்கிறது, அப்பா நேராக உட்காரப் பழகினால் முடிந்தது என்றான். சீட்டில் மச்சானுக்கு இடது பக்கம் ஒரு கெட்டித் தலையணையை வைத்தான், சாய்ந்துவிடாமல் இருக்க. மச்சானும் பிடிவாதக்காரர். விடிந்தால் பொட்டலுக்குப் போய் நேராக உட்கார்ந்து நேராக மிதித்துப் பழகினார். சுருளிவேல் எந்தப் பக்கமிருந்து பாய்ந்து கத்தினாலும் வண்டி நின்றது. தலையணையை எடுத்துவிட்ட பிறகும் நின்றது. ஒரு நல்ல நாளில் எங்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குக் கிளம்பினார்.

என்ன அருமையாக ஓட்டினார் என்கிறீர்கள்! வளைவுக்கு வளைவு பிரேக் பிசகவில்லை. எதிரே லோடு லாரி திரும்பியபோது அலுங்காமல் நிறுத்தி வழிவிட்டார். போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக, ஸ்டியரிங்குக்கு நேராக இருந்தார். அக்கா அந்தப் பக்க ஜன்னலோரம். நடுவில் காலியான சீட்டில் தண்ணீர் பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் அவர் பக்கம் உருளும், அடுத்த வளைவில் அவள் பக்கம் உருளும். பின்சீட்டில் எனக்குத்தான் மூச்சு முட்டியது.

மெட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளி எங்களுக்குப் பழக்கம். கிளாஸை நீட்டிக்கொண்டே வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர், "என்னா சேட்டா, சேச்சியோட வழக்கா? இம்புட்டுத் தள்ளி இருந்து வர்றீங்க?" என்றார்.

மச்சான் டீயைக் குடிக்காமல், திறந்திருந்த கதவு வழியாக அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கீழே தெரிந்த போடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

இறங்கும்போதும் பிசகில்லாமல்தான் ஓட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சுருளிவேல் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பழசையே மாட்டிருப்பா."

சுருளிவேலுக்குக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. "என்னண்ணே வெளையாடுறீங்களா? இதான கரெக்ட்டு!"

"கரெக்ட்டுதான். நான் இல்லேன்னா சொன்னேன்?"

"கண்காட்சியில ஜீப்புப் பெடலப் பாத்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. தம்பி என்னயக் கொன்னேபுடும்."

"அனுப்புனா வீட்டுக்கு வர்றேன். வெரசா கழட்டு."

"ஏன் மச்சான்? நல்லாத்தான ஓட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"நேரா உக்காந்தா இடுப்பு வலிக்குது மாப்ளே" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பட்டறைக்கு எடுத்துவந்து காட்டிய பழைய பெடல்கள் மறுபடி வீட்டுக்கே போயிருந்தன. அக்காவும் நானும் நடந்தே போனோம், அவரும் பின்னாலேயே வந்தார். வாசலில் நின்று, "சந்திரா, அந்தப் பெடலக் கொண்டா" என்றார். குரல் கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது. மாவுச் சட்டிமேல் ஒன்று, கொல்லைக் கதவில் ஒன்று என்று நான் தேடப்போனேன். இரண்டு இடத்திலும் இல்லை. மாவுச் சட்டிமேல் அம்மிக்குழவி இருந்தது. அக்கா உள்ளே போய், பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தார். காய்ந்த மாவெல்லாம் போகத் தேய்த்துக் கழுவி, துருப்பிடிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தாள். எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. எண்ணெய்க் கையோடு பட்டறைக்குத் திரும்பினார்.

மதுரைக் கண்காட்சிக்கு வண்டி போகவில்லை. அசல் பெடல்கள் சூர்யபிரகாஷின் கோயம்புத்தூர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. பையனுக்கு அப்பாமேல் இன்னும் வருத்தம்தான். மச்சான் இடுப்பு வலிக்குத்தான் மாற்றினாரா, அக்காவுக்காக மாற்றினாரா என்று நானும் பல தடவை பல மாதிரி கேட்டுப் பார்த்துவிட்டேன். கால் சொல்லுச்சு மாப்ளே என்கிறார். அதற்குமேல் அவரிடம் எதுவும் வாங்க முடியாது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் போனோம். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு மச்சான் உட்கார்ந்தார், பழையபடி வலது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. நல்ல வெயில். அக்கா முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தாள்.

"அங்கிட்டுத்தான் அம்புட்டு எடம் கெடக்குல்ல? தள்ளி உக்காருங்க."

"பிரேக்கு இங்கனதான இருக்கு" என்றார் மச்சான்.

பின்சீட்டிலிருந்து பார்த்தேன். அக்காவுக்கும் அந்தப் பக்கத்துக் கதவுக்கும் நடுவிலும் தாராளமாக இடம் இருந்தது. இத்தனை வருசத்தில் அதை நான் கவனித்ததில்லை. அவளும் நகரவில்லை.